டேப்லெட்டோடு வந்த பேராண்டிக்கு

ஏலே பேராண்டி, ஒரு வீட்டுக்கு நூத்துச் சொச்சம் கேள்வியாமே! நல்லதுதான். படிச்ச பிள்ளை, பட்டணத்து வேலை, கழுத்துல அட்டை, கையில டேப்லெட்டு. "ஊர்ல டேட்டா எடுத்து, அலசி, படமாப் போட்டுட்டா, எங்கே ரோடு வேணும், எங்கே நர்ஸ் வேணும்னு தன்னால தெரிஞ்சிரும் தாத்தா"ன்னு நேத்து நீ சொன்னப்போ நான் தலையைத்தான் ஆட்டினேன். மறுத்தா பேசினேன்? தெரியட்டும். ஆனா நான் இந்தக் கரிசக்காட்டுப் பிர்க்காவுல தலையாரியாக் கிடந்து தேஞ்சவன். அடங்கல் எழுத வந்தவுகளுக்குக் காட்டைக் காட்டி, ஜமாபந்திக்குக் கணக்கு மூட்டையைச் சுமந்து, இங்கேயிருந்து மேல போன கணக்கெல்லாம் என் தலைமேலதான் போயிருக்கு. அதனால உன் சோலி சுளுவா முடியறதுக்குத் தொழில் சூட்சுமம் கொஞ்சம் சொல்லித் தாரேன். உங்க மேனேஜர்கிட்ட என் பேரை மட்டும் சொல்லிராதே.

மொதல்ல நேரம். காலையில பதினோரு மணிக்குப் போ. அதைவிட உத்தமமான நேரம் கிடையாது. உளுந்து பறிக்கப் போனவ வந்திருக்க மாட்டா. தீப்பெட்டி ஆபீசுக்குப் போனவ வந்திருக்க மாட்டா. திண்ணையில இருக்கிறது நாங்க நாலு கிழடுகதான். எங்களுக்குப் பேச ஆள் கிடைக்காது, நீ ஒரு கேள்வி கேட்டா ஒம்பது பதில் சொல்லுவோம், வேணும்னா பக்கத்து வீட்டுக்கும் சேர்த்தே சொல்லிருவோம். பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு "ஆளில்லை"ன்னு ஒரு தட்டு தட்டிட்டு அடுத்த வாசலுக்குப் போயிரு. செங்கல் சூளைக்குக் குடும்பத்தோட போனவுக, கருக்கல்லயே உப்பளத்துக்கு வேன் ஏறினவுக, இவுக வீடுகதான் பூட்டிக் கிடக்கும். உன் கேள்வியில முக்காவாசி இவுகளைப் பத்தித்தான்னு எனக்கும் தெரியும். அதுக்காக ராத்திரி ஏழு மணிக்கு நாய்க்கடிக்குப் பயந்துக்கிட்டு நீ வருவியா? வேண்டாம்பா.

அப்புறம் கார் போற ரோட்டை விட்டு இறங்காதே. ராபர்ட் சேம்பர்ஸ்னு ஒரு வெள்ளைக்கார வாத்தியார், 1970-கள்ல வட ஆற்காட்டுப் பக்கம் ஊர் ஊராச் சுத்தினவர். ஊர்ப்புற நூலகத்துல பேப்பர் படிக்கிறதைத் தவிர எனக்கு வேற சோலி இல்லாததால இவுக பேரெல்லாம் எனக்குப் பழக்கம். அவர் 1983-ல ஒரு புஸ்தகம் எழுதி, உங்கள மாதிரி ஆட்கள் வர்றதுக்கு "கிராம வளர்ச்சிச் சுற்றுலா"ன்னு பேரே வச்சிட்டார். தார் ரோட்டோரமாவே போறாக, மழைக்காலத்துல வர்றதில்லை, பேசறது எல்லாம் ஆம்பளை, அதுலயும் ஊர்ப் பெரியவுக, திட்டம் நடக்கிற இடத்தைத்தான் எட்டிப் பார்க்காகன்னு வரிசையா எழுதி வச்சிருக்கார். இதுல மழைக்காலம் இருக்கே, அதைத்தான் நீ கட்டாயம் தவிர்க்கணும். ஐப்பசி கார்த்திகையில நம்ம கரிசல்ல கால் வச்சா முழங்கால் வரை இழுக்கும். விதைப்புக்குக் கடன் வாங்கியிருப்பான். போன வருசத்துத் தானியம் தீர்ந்திருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் வேற. மாசி பங்குனியில வா. வெள்ளாமை வீட்டுக்கு வந்திருக்கும், ரோடு காய்ஞ்சிருக்கும், உனக்கு ஒரு செம்பு மோரும் கிடைக்கும். "சாப்பாட்டுக்குப் பஞ்சமா?"ன்னு நீ கேட்டா, "அப்படியெல்லாம் இல்லையே"ன்னு சொல்லிட்டுப் போவாக.

ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம்கிறதை வச்சுத்தான் சாம்பிள் சர்வே ஓடுதுன்னு நீ எனக்கு விளக்கினே. சரிதான். பானைக்குள்ள சோறு கொதிச்சு மேலயும் கீழயும் புரளுது, எந்தப் பருக்கையை எடுத்தாலும் சேதி ஒண்ணுதான். நம்ம ஊரு என்னைக்குலே கொதிச்சுப் புரண்டுச்சு? மேலத்தெரு மேலத்தெருவாவே இருக்கு, காலனி ஓடைக்கு அந்தப் பக்கமாவே இருக்கு. ரெண்டுக்கும் தண்ணித் தொட்டி வேற, சுடுகாடு வேற. மேலத்தெருவுல பத்து வீட்டு வாசல்ல நின்னு பதம் பார்த்துட்டு ஊரே வெந்திருச்சுன்னு எழுதிட்டுப் போனவுக நிறைய.

இந்தத் தொல்லைக்குத்தான் மகலநோபிஸ்னு ஒரு வங்காளத்துக்காரர் குலுக்கல் முறையைப் பிடிச்சார். கல்கத்தாவுல 1931-ல இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை ஆரம்பிச்ச மனுசர். வங்காளம் பூரா சணல் எம்புட்டு விளையுதுன்னு அளக்க அவர் கிளம்பினப்போ, எந்தக் காட்டுக்குப் போறதுன்னு ஆள் முடிவு பண்ணக்கூடாது, சீட்டுத்தான் முடிவு பண்ணணும்னு வச்சார். அதுக்கு முன்னாடி வெள்ளைக்காரன் காலத்து விளைச்சல் கணக்கு எப்படின்னா, கணக்குப்பிள்ளை வரப்புல நின்னு கண்ணுக்கு மேல கையை வச்சு ஒரு பார்வை பார்ப்பார். "இந்த வருசம் பத்தணா விளைச்சல்" அப்படிம்பார். பதினாறணா விளைச்சல்னா எம்புட்டுன்னு கேட்டா, அது அவுக தாத்தா காலத்துல விளைஞ்சதாம். அந்தப் பார்வையை வச்சு பஞ்சமா இல்லையான்னு மேல தீர்மானிச்சாக.

இன்னிக்கும் நம்ம ஊர்ல பயிர் அறுவடைப் பரிசோதனை குலுக்கல்ல வச்சுத்தான் நடக்கு, பார்த்திருக்கியா? சர்வே நம்பரைச் சீட்டுல எடுக்கணும். அந்தப் புஞ்சையோட தென்மேற்கு மூலையில போய் நிக்கணும். நீளவாக்குல இத்தனை அடி, அகலவாக்குல இத்தனை அடின்னு ரேண்டம் நம்பர் சொல்றபடி எட்டு வச்சு, நின்ன இடத்துல முளை அடிச்சு, 5 மீட்டருக்கு 5 மீட்டர் கயிறு கட்டி, அதுக்குள்ள நிக்கிறதை மட்டும் அறுத்து, அடிச்சு, தூத்தி, நிறுக்கணும். அந்த இடத்துல முள்ளு கிடந்தாலும் அங்கேதான், பாம்பு கிடந்தாலும் அங்கேதான். ஆனா சில ஆபீசர்மாருக்கு ஒரு ராசி உண்டு. வெயில் ஏற ஏற அந்த ரேண்டம் நம்பர் வேப்பமரத்து நிழலைப் பார்த்து நகர்ந்து வந்திரும். நானும் முளையைத் தூக்கிட்டுப் பின்னாடியே போவேன்.

இதுல பெரிய வில்லங்கமே கயிறு ஓரத்துல நிக்கிற செடிதான். அது உள்ளயா, வெளியயா? சுகாத்மேன்னு இன்னொரு புள்ளியியல்காரர், 1940-கள்ல மகலநோபிஸோட இதுக்காகவே மல்லுக்கட்டினார். சின்னச் சின்ன வட்டமாப் போட்டு அறுத்தா கணக்கு கூடுதலா வருது, பெரிய கட்டமாப் போடுங்கன்னார். ஏன்னா ஓரத்துல விளைஞ்சு நிக்கிற கதிரைப் பார்த்தா அறுக்கிறவன் கை தன்னால அதை உள்ள இழுத்துரும். கட்டம் சின்னதாக ஆக, உள்ளே இருக்கிறதைவிட ஓரத்துக்கு மவுசு கூடும். கேக்கச் சின்ன விசயம். ஆனா 2016-ல வந்த பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டத்துல ஊருக்கு இழப்பீடு உண்டா இல்லையான்னு பெரும்பாலும் இந்தக் கயிறுதான் சொல்லுது. உன் காடு மட்டும் தனியாக் காஞ்சு கிடந்தா கதை எடுபடாது. சீட்டுல விழுந்த காடுகளோட சராசரி என்னன்னுதான் பார்ப்பாக. நாலு செடி உள்ள வந்துச்சுன்னா ஊருக்கே பைசா வராமப் போகலாம். இதெல்லாம் டெல்லியில இருக்கிற கம்ப்யூட்டருக்குத் தெரியாது. கயிறு பிடிச்சவனுக்குத் தெரியும். கயிறு பிடிச்சவன்கிட்ட யாரும் கேட்டதில்லை.

சரி, கேள்வி கேக்கிற நளினத்துக்கு வா. "வட்டிக்கு எம்புட்டு வாங்கியிருக்கீக?"ன்னு திண்ணையில உக்காந்து தெருவுக்கே கேக்கிற மாதிரி கேளு. வட்டிக்குக் கொடுத்தவன் எதுத்த திண்ணையில பீடி பத்த வச்சிக்கிட்டு உன்னையே பார்த்துக்கிட்டு இருப்பான். "கடனா? எங்களுக்கு ஏதுப்பா கடன்?" பதில் சுத்தமா வந்திரும். உன் டேஷ்போர்டுல நம்ம ஊரு கடனில்லாத ஊருன்னு பச்சைப்பசேல்னு மின்னும்.

வருமானமும் அப்படித்தான். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருச வருமானம் 72,000 ரூபாய்க்குள்ள இருக்கணும்னு ஒரு காலத்துல வரம்பு வச்சிருந்தாக. அப்போ நம்ம பிர்க்காவுல யாரும் 72,000-ஐத் தாண்டினதே இல்லை. மாடி வீட்டுக்காரரும் தாண்டலை, டிராக்டர் வச்சிருந்தவரும் தாண்டலை. அப்புறம் வரம்பை 1,20,000-க்கு உயர்த்தினாக. ஒரே ராத்திரியில ஊருக்கு எம்புட்டு வளர்ச்சிங்கே! பொருளாதார நிபுணர் யாராவது அந்த வரைபடத்தைப் பார்த்தா நம்ம ஊருக்கு ஆராய்ச்சி பண்ண வந்திருவார். சனங்க பொய் சொல்றாகன்னு நீ முகத்தைச் சுளிக்காதே. கேக்கிறவன் கையில என்ன இருக்குன்னு பார்த்துத்தான் அவுக பதிலை எடுக்காக. நீ டேப்லெட்டோட வந்து நின்னா, ஏதோ கொடுக்க வந்தவன்னு நினைப்பாக, இல்லைன்னா எதையோ பிடுங்க வந்தவன்னு. ரெண்டும் இல்லைன்னு நீ சொன்னா நம்ப மாட்டாக. நானும் நம்பலை.

வயசைக் கேட்டுப் பாரு, வேடிக்கையா இருக்கும். நம்ம ஊர்ல நாப்பத்தேழு வயசுக்காரர் ஒருத்தரும் கிடையாது. நாப்பத்தஞ்சு, விட்டா அம்பது. மக்கள்தொகைக் கணக்கெடுப்புலயே அஞ்சுலயும் பூஜ்யத்துலயும் முடியற வயசுதான் கும்பல் கும்பலா வந்து நிக்கும், அப்புறம் ஆபீசுல உக்காந்து அதைச் சமப்படுத்துவாக. விவரமான கணக்கெடுப்பாளர் வருசத்தைக் கேக்கமாட்டார். "தனுஷ்கோடிப் புயல் அடிச்சப்போ நீங்க கைக்குழந்தையா, பள்ளிக்கூடம் போனீகளா?"ன்னு கேப்பார். புயல் 1964 டிசம்பர். அதுலருந்து விரலை மடக்கிக்கலாம்.

இப்போ உங்க ஆச்சி விசயம். "என்ன வேலை பார்க்கீக?"ன்னு கேட்டே. "வீட்டுலதாய்யா இருக்கேன்"ன்னா. நீயும் "வேலை இல்லை"ன்னு தட்டிவிட்டுட்டே. அப்போ அவ கையில என்ன இருந்துச்சுன்னு பார்த்தியா? நீ குடிச்ச காப்பித் தம்ளர். விடியமுன்ன எந்திச்சு ரெண்டு மாட்டுக்குத் தண்ணி காட்டி, சாணி அள்ளி, பால் பீச்சி, சொசைட்டிக்குக் கொண்டுபோய் ஊத்திட்டு வந்து, எனக்கும் சோறு போட்டுட்டு நிக்கிறவளுக்கு வேலை இல்லையாம். நாடு முழுக்க இந்தக் கூத்துத்தான் நடந்துச்சு. 2019-ல தேசிய புள்ளியியல் அலுவலகத்துக்காரங்க கேள்வியை மாத்திக் கேட்டாக. நேத்து விடியக்காலம் 4 மணியிலருந்து இன்னிக்கு 4 மணி வரைக்கும், அரை மணிக்கு அரை மணி, என்ன செஞ்சீகன்னு சொல்லுங்க அப்படின்னு. அப்போதான் தெரிஞ்சது. சம்பளமில்லாத வீட்டு வேலை செய்யற பொம்பளைக நாளைக்குச் சராசரியா 299 நிமிசம் அதுல போடுறாக. அதே வேலையில கை வைக்கிற ஆம்பளைக 97 நிமிசம். கை வைக்கிற ஆம்பளையே நாலுல ஒருத்தன்தான் தேறினான், மத்தவன் கணக்குலயே வரலை. நான் எதுலன்னு கேக்காதே. நான் ரிட்டையர்டு.

உங்க ஆபீசுல டார்கெட் கொடுப்பாகல்ல? கொடுக்கட்டும். பூஜ்யம் வரணும்னு மேல இருந்து சொன்னா கீழ இருந்து பூஜ்யம் போகும், அதுல சிக்கலே இல்லை. 2019 அக்டோபர் 2, காந்தி பிறந்து 150 வருசம். அன்னிக்கு நாட்டுல எந்தக் கிராமத்துலயும் யாரும் வெளியே ஒதுங்கப் போறதில்லைன்னு அறிவிச்சாக. அதே சமயத்துல, 2019-லருந்து 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்வுல வீடு வீடாப் போய்க் கேட்டாக. 19 சதவீத வீட்டுல எந்தக் கக்கூசையும் யாரும் பயன்படுத்தறதில்லைன்னு வந்துச்சு. ரெண்டும் சர்க்கார் கணக்குத்தான். ஒண்ணு கட்டினதை எண்ணினவுக கணக்கு, இன்னொண்ணு போறவுககிட்ட கேட்ட கணக்கு. கோடிக்கணக்குல கக்கூசு கட்டினது நிசம், அதை நான் குறைச்சுச் சொல்லலை. கதவுல விறகு அடுக்கி வச்சிருக்கிற கக்கூசைத் திறந்து பார்க்க யாருக்கும் டார்கெட் இல்லை, அம்புட்டுத்தான்.

மனுசனை நம்பாம எந்திரத்தை நம்பினாலும் கதை அதேதான். நூறு நாள் வேலையில பொய் வருகை போடுறாகன்னு செல்போன் ஆப்பு கொண்டு வந்தாக. 2023 ஜனவரியிலருந்து ரெண்டு நேரமும் படம் எடுத்து ஏத்தணும்னு கட்டாயமாக்கினாக. நல்ல வேலையாச்சேன்னு நானும் நினைச்சேன். 2025 ஜூலையில ஒன்றிய ஊரக வளர்ச்சி அமைச்சகமே ஒரு சுற்றறிக்கை விட்டுச்சு. வேலைக்குச் சம்பந்தமே இல்லாத படம், படத்தையே படமெடுத்து ஏத்தினது, ஒரே படம் பல மஸ்டர் ரோலுங்கிற வருகைப் பட்டியலுக்கு, பட்டியல்ல பொம்பளை படத்துல ஆம்பளைன்னு அவுகளே வரிசை போட்டுட்டாக. இதுக்கிடையில சிக்னல் கிடைக்காம, வெயில்ல மம்பட்டியோட நின்னு, படம் ஏறாததால கூலி போனவளும் இருக்கா. திருடன் ஒரு வாரத்துல ஆப்பைப் பழகிட்டான்.

படத்துக்கு வருவோம். நீ காட்டின படமெல்லாம் கண்ணைப் பறிக்குது, ஒத்துக்கறேன். ஒரு வட்டத்துக்குள்ள பதினாறு கலர். எந்தக் கலர் எதுன்னு பார்க்க இன்னொரு பட்டியல். மேப்புல மாவட்டமெல்லாம் நீலம், வெளிர்நீலம், கரும்நீலம். 2023 டிசம்பர்ல நம்ம மாவட்டத்துக் காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் மழை கொட்டுச்சே, ஞாபகம் இருக்கா? ஒரு வருசத்துல பெய்யறதைவிட அதிகம். வருசக் கடைசியில மாவட்டச் சராசரி எடுத்து நீ படம் போட்டா நல்ல கரும்நீலமா வரும். "ஆகா, தூத்துக்குடிக்குச் செழிப்பான வருசம்"ன்னு பட்டணத்துல பார்க்கிறவன் சொல்லுவான். தண்டவாளத்துக்கு அடியில மண்ணு கரைஞ்சு ஸ்ரீவைகுண்டத்துல நின்ன ரயிலும், அதுக்குள்ள சோறு தண்ணியில்லாம மாட்டின சனமும், அறுத்துட்டுப் போன கம்மாய்க் கரையும் அந்த நீலத்துல எங்கே இருக்கு? எப்போ பெஞ்சது, எத்தனை மணி நேரத்துல பெஞ்சதுன்னு சொல்லாத மழைக் கணக்கு சம்சாரிக்கு எதுக்குலே?

உன் சித்தி மக நர்சிங் படிச்சப்போ நைட்டிங்கேல் அம்மா கதையைச் சொன்னா. விளக்கு ஏந்தின கதையை விடு, அது எல்லாரும் சொல்றது. கிரிமியா சண்டையில குண்டடி பட்டுச் செத்தவனைவிட அழுக்குத் தண்ணியாலயும் காய்ச்சலாலயும் செத்தவன்தான் ஏராளம்கிறதை அந்தம்மா 1858-ல ஒரு வட்டப் படமாப் போட்டாக. தடுத்திருக்கலாம்கிற சாவெல்லாம் நீலம், குண்டடி சிவப்பு, மத்தது கறுப்பு. மூணே கலர். மந்திரிமார் பார்த்ததும் எங்கே கை வைக்கணும்னு தெரிஞ்சிருச்சு. அப்புறம் நம்ம நாட்டுக்குக் கண்ணைத் திருப்பினாக. இந்தியாவுல இருக்கிற வெள்ளைப் பட்டாளத்து முகாமுக்கெல்லாம் கேள்வித்தாள் அனுப்பி, தண்ணி எங்கேருந்து வருது, சாக்கடை எங்கே போகுதுன்னு கேட்டு வாங்கினாக. 1863-ல வந்த அந்த விசாரணைக் கமிசன் அறிக்கை ரெண்டாயிரம் பக்கத்துக்கு மேல. வருசத்துக்கு ஆயிரம் சிப்பாய்க்கு 69 பேர் சாகான்னு அதுல இருந்துச்சு. ரெண்டாயிரம் பக்கத்தை எந்தத் துரையும் புரட்டமாட்டான்னு அந்தம்மாவுக்குத் தெரியும். அதனால சுருக்கமா, படமெல்லாம் போட்டு, தனியா ஒண்ணு எழுதி ஆள் ஆளுக்கு அனுப்பினாக. இந்த நாட்டு மண்ணை ஒருநாளும் மிதிக்காத அம்மா! மொதல்ல எண்ணினது பட்டாளத்துக்காரனைத்தான், குடியானவன் சாவு அந்தக் கமிசனுக்குக் கணக்குல இல்லை. பின்னாடி பஞ்சத்துல செத்த நம்ம சனத்தைப் பத்தியும் எழுதினாக. அதையும் சொல்லிரணும்.

படம்கிறது காசு செலவழிச்சுத்தான் போடணும்னு இல்லை. ஊர்ப் பொம்பளைகளைக் கோயில் வாசல்ல கூட்டி, கோலப்பொடியைக் கையில கொடுத்து, "உங்க ஊரைத் தரையில வரைங்க தாயீ"ன்னு சொல்லிட்டுத் தள்ளி உக்காந்து பாரு. சேம்பர்ஸ் கூட்டத்தார் இதை ஒரு முறையாவே பரப்பி வச்சிருக்காக. ஆம்பளை வரைஞ்சா டீக்கடையும் பஞ்சாயத்து ஆபீசும் பஸ் ஸ்டாப்பும் பெருசா வரும். அவுக வரைஞ்சா குழாயடி வரும், விறகு பொறுக்கிற ஓடைக்கரை வரும், பொழுதடைஞ்சா தனியாப் போகப் பயப்படற வேலிக்கருவைப் பாதை வரும். உன் சாட்டிலைட்டு அம்புட்டு உசரத்துலருந்து பாதையைப் பார்க்கும், பயத்தைப் பார்க்காது. அதுல எனக்குப் பிடிச்ச விசயம், ஒருத்தி வரைஞ்சது தப்புன்னா இன்னொருத்தி எட்டி வந்து கையால அழிச்சிட்டு வரைஞ்சிருவா. அனுமதி கேக்க வேண்டியதில்லை.

குத்தம் மட்டுமே சொல்ற கிழவன்னு நினைச்சிராதே. கணக்கு உயிரைக் காப்பாத்தினதும் உண்டு. அதை நையாண்டி பண்ண எனக்கு வாய் வராது. பிரசவத்துல ஒரு பொண்ணு செத்தா, முன்னெல்லாம் "விதி"ன்னு ஒரு வார்த்தை, ஜனன மரணப் பதிவேட்டுல ஒரு வரி. நம்ம தமிழ்நாட்டுல ஒவ்வொரு சாவையும் தனித்தனியா விசாரிக்கணும்னு வச்சாக. வீட்டுக்கே போய்க் கேப்பாக. வலி எடுத்து வீட்டுல எத்தனை நாழி வச்சிருந்தீக? ரோட்டுல எத்தனை நாழி போச்சு? ஆஸ்பத்திரி வாசல்ல எத்தனை நாழி நின்னீக? மூணு இடத்துல எந்த இடத்துல உயிர் போச்சுன்னு பார்த்தா, செய்ய வேண்டியதும் மூணு விதமா வரும். ஆரம்ப சுகாதார நிலையத்துல ராத்திரியும் இருக்கிற மாதிரி மூணு நர்சு. ரத்தம் இருப்பு வச்சிருக்கிற சீமாங்க் மையம். 2008-ல 108 வண்டி. மாவட்டத்துல கலெக்டர் முன்னாடி செத்தவ வீட்டுக்காரரையும் உக்கார வச்சு, டாக்டரையும் உக்கார வச்சுப் பேசின கூட்டமெல்லாம் நடந்திருக்கு. 2001-03-ல லட்சம் பிள்ளை உசிரோட பிறந்தா 134 தாய்மார் செத்தாக. 2018-20-ல அது 54. அந்த 54-ஐயும் சும்மா ஒரு புள்ளியா நீ படத்துல வைக்கலாம். விசாரிச்சவுக அப்படி வைக்கலை, ஒவ்வொருத்தி பேரும் அவுகளுக்குத் தெரியும்.

இப்போ எடுத்த கணக்கு எங்கே போகும்னு கேக்கேன். மேல போகும், சரி. திரும்பி வருமா? 1916-ல மெட்ராஸ் யுனிவர்சிட்டியில முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், படிக்கிற பிள்ளைககிட்ட கேள்வித்தாளைக் கொடுத்து, கிராமத்துக்குப் போய் எழுதிட்டு வாங்கன்னு அனுப்பினார். அப்போதைய ராமநாதபுரம் ஜில்லா வடமலைபுரம், திருநெல்வேலிப் பக்கம் கங்கைகொண்டான், தஞ்சாவூர் ஜில்லா பாலக்குறிச்சி, தென்னாற்காடு இருவேல்பட்டு, வட ஆற்காடு தூசின்னு நல்ல நல்ல ஊர். 1918-ல இங்கிலீஷ்ல புஸ்தகமா வந்துச்சு. 1936-37-ல மறுபடியும் போய்க் கேட்டாக. இருவேல்பட்டுக்கு 1981-லயும் 2008-லயும்கூட ஆராய்ச்சிக்காரர் போனாக. எம்புட்டு நிலம், எம்புட்டுக் கூலி, யாருக்குக் கடன்னு தலைமுறை தலைமுறையா அந்தச் சனங்க பதில் சொல்லியிருக்காக, பொறுமைசாலிக. அருமையான வேலை, நான் கும்பிடறேன். நீ அந்தப் பக்கம் போனா அந்த ஊர்ச் சாவடியில ஒரு பிரதி தமிழ்ல கிடக்கான்னு மட்டும் விசாரிச்சிட்டு வா.

திருப்பிக் கொடுத்தா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க ராஜஸ்தானுக்குப் போகணும். அருணா ராய் அம்மாவும் இன்னும் சிலரும் சேர்ந்து மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன்னு ஒண்ணு வச்சிருந்தாக. 1994 டிசம்பர்ல பாலி மாவட்டம் கோட் கிரானாவுல சனத்தைக் கூட்டி, சர்க்கார் மஸ்டர் ரோலைப் பேர் பேரா உரக்கப் படிச்சாக. அடுத்தடுத்து ஊர் ஊரா அப்படிப் படிச்சப்போதான், செத்தவன் கைநாட்டு வச்சுக் கூலி வாங்கினது, கட்டாத கட்டடத்துக்குப் பில்லு போட்டது எல்லாம் வெளியே வந்துச்சு. அம்புட்டு நாளா அதே காகிதம்தான் ஆபீசுல கிடந்தது, அதே எண்ணுதான். கூட்டத்துல ஒருத்தி எந்திச்சு "எம் பேரு அதுல இருக்கு, நான் அந்தப் பக்கமே போகலையே"ன்னு சொன்ன பொறகுதான் அது பொய்னு ஆச்சு. அங்கே கிளம்பினதுதான் 2005-ல தகவல் அறியும் உரிமைச் சட்டமா முடிஞ்சது. நம்ம தமிழ்நாடு 1997-லயே நாட்டுக்கு முந்திச் சட்டம் போட்டுச்சு. விதிவிலக்கும் முந்திக்கிட்டு நிறையப் போட்டுட்டாக, அது வேற கதை.

உன் டேஷ்போர்டு இங்கிலீஷ்ல இருக்கு, திறக்கணும்னா பாஸ்வேர்டு கேக்குது. பரவாயில்லை, அது உங்க மேனேஜருக்கு. எங்களுக்கு ஒத்தைத் தாள் போதும். தமிழ்ல, என் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு எழுதி, ரேஷன் கடைச் சுவத்துல ஒட்டு. பேரு போடாதே. கடன்பட்டவன் பேரைச் சுவத்துல ஏத்தினா அடுத்த தடவை உனக்குத் தண்ணி கொடுக்கக்கூட ஆள் இருக்காது. தெருவாரியாத் தொகை போடு. நாலே வீடு இருக்கிற சந்துக்குத் தனியாத் தொகை போட்டாலும் ஆள் தெரிஞ்சிரும், அதைப் பக்கத்துத் தெருவோட சேர்த்துரு. ஒட்டின கையோட பஸ் ஏறிராதே. ரெண்டு நாள் டீக்கடையில உக்காரு, காசு நான் கொடுக்கேன். சண்டைக்கு வருவாக. காலனியில குழாய் அஞ்சுன்னு போட்டிருக்கியே, மூணுல தண்ணி வராதேம்பாக. மேலத்தெருக்காரர் வந்து நிலக்கணக்கு தப்பும்பார், அது ஏன் தப்புங்கிறார்னு நான் உனக்குக் காதுல சொல்லுறேன். எல்லாத்தையும் எழுதிக்கோ, அதுதான் நீ கேக்காம விட்ட கேள்விகளுக்குப் பதிலு.

எல்லாருக்கும் முந்தி உங்க ஆச்சிதான் வருவா. எழுத்துக் கூட்டி நல்லாப் படிப்பா, அறிவொளி இயக்கத்துல படிச்சவ. "வேலை இல்லாதோர்"னு நீ போட்ட வரியில எண்ணிக்கையைப் பார்த்துட்டு, நம்ம தெருப் பொம்பளைகளை விரல் விட்டு எண்ணுவா. எண்ணி முடிச்சிட்டு மாட்டுக் கயிறோட என்னைத் தேடி வருவா, ஏன்னா உன்னை உள்ள விட்டது நான். அதுக்குள்ள நீ திருத்தி வச்சிரு. ஏம்லே, அந்தப் பொட்டியில ஒருதரம் "சப்மிட்"டை அமுக்கிட்டா, பொறகு திருத்தறதுக்குன்னு ஒரு பட்டன் வச்சிருக்காகளா, இல்லையா?